குதிகாலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே

புத்தூரில் நான் வேலை பார்க்கும் பிசியோதெரபி கிளினிக்கில், முழங்கால் ஆபரேஷன் முடிந்து மறுபடி விளையாடப் போகிறவர்களிடம் கடைசியாக ஒரு தாளைக் கொடுப்போம். அதில் காலைப் பற்றிப் பெரிதாக எதுவும் இருக்காது. திரும்ப அடிபடும் என்று நினைத்தால் படபடப்பாக இருக்கிறதா, முட்டியை நினைக்காமல் உங்களால் ஆட முடியுமா என்பது மாதிரியான கேள்விகள்தான். ஜவ்வு கூடிவிடும், தசை தேறிவிடும், ஆனாலும் சிலர் ஆட்டத்துக்குத் திரும்புவதில்லை, அதற்கான காரணம் முட்டிக்குள் கிடைப்பதில்லை என்று புதிதாக வரும் ஆராய்ச்சிகள் சொல்கின்றன. தாளைக் கொடுத்ததும் நான் செய்யும் முதல் வேலை, கூட வந்த பெற்றோரை வெளியே உட்காரச் சொல்வது. சிலர் முறைப்பார்கள். ஒருவர், "என் பையனுக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுங்க மேடம், குடுங்க, நானே எழுதிடறேன்" என்று பேனாவுக்குக் கையை நீட்டினார். அவரையும் அனுப்பினேன். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையானவள் என்று கிளினிக்கில் பெயர். பத்து வயதில் ஒரு இஞ்ச் டேப்பை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம் அவர்களுக்குத் தெரியாது.

அப்போது ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மன்னார்புரத்தில் ஆபீஸ். அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைத்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவளான அக்கா, பள்ளிக்கூட அணியில் கபடி ஆடினாள். பாடிப் போனால் யாரையாவது தொடாமல் திரும்ப மாட்டாள். வீட்டில் அதிர்ந்து பேசாத பெண், கோட்டைத் தாண்டியதும் வேறு ஆளாகிவிடுவாள். அப்பாவுக்குக் கபடி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஸ்போர்ட்ஸ் கோட்டா பற்றி எல்லாம் தெரியும். மாநில அணி சர்டிபிகேட் கையில் இருந்தால் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு கிடைக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

பிளஸ் ஒன் ஆரம்பத்தில் ஒரு மேட்ச்சில், பாடிப் போன அக்காவின் கணுக்காலை ஒருத்தி பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி மேலே விழுந்தாள். வலது முட்டி திரும்பிவிட்டது. ‘டப்’பென்று ஒரு சத்தம் கேட்டதாக ஓரத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். அக்கா அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகுதான் பிசியோ மேடம் எங்கள் வாழ்க்கையில் வந்தார். இளவயதுக்காரர். எந்நேரமும் எதையாவது படித்துக்கொண்டிருப்பார். என்னை ‘அசிஸ்டென்ட்’ என்று கூப்பிட்ட முதல் ஆள் என்பதால் அவருக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தேன்.

ஆறாவது மாதம் முடிந்ததும், ஜனவரியில் வந்த ஒரு போட்டிக்கு அக்காவை அனுப்பலாமா என்று அப்பா கேட்டார். ஆறு மாதம் போதும் என்று ஆபீஸில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"கேலண்டரைப் பார்த்து அனுப்பக்கூடாதுங்க சார், காலைப் பார்த்துத்தான் அனுப்பணும்" என்றார் பிசியோ மேடம். "வலி இல்லைன்னா சரியாயிடுச்சுன்னு முன்னாடி நினைச்சாங்க. இப்ப புதுசா வர்ற ஆராய்ச்சியெல்லாம் அவசரப்படாதீங்கன்னு சொல்லுது. ஒன்பது மாசமாவது போகட்டும்."

ஆராய்ச்சி செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் சீட் கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று வெளியே வந்ததும் அப்பா சொன்னார். ஆனாலும் கேட்டுக்கொண்டார். மே மாதம் மாநில அணிக்கான செலக்‌ஷன் இருந்தது. அதற்குள் பத்து மாதம் ஆகிவிடும்.

காலைப் பார்க்க ஒரு பரீட்சை உண்டு. ஒற்றைக் காலில் நின்று முன்னால் தாவி, அதே காலில் இறங்கி, தள்ளாடாமல் நிற்க வேண்டும். குதிகால் எங்கே ஊன்றுகிறதோ அதுவரை அளப்பது. முதலில் நல்ல கால், அப்புறம் ஆபரேஷன் செய்த கால். நல்ல காலின் தூரத்தை நூறு என்று வைத்துக்கொண்டால் மற்றது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நூற்றுக்கு என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாஸ் மார்க் எவ்ளோங்க மேடம்?"

"தொண்ணூறு தாண்டணும் சார். ஆனா இது மார்க் இல்லைங்க."

இரண்டாவது வாக்கியம் அப்பாவின் காதில் விழவில்லை. எங்கள் வீட்டில் தொண்ணூறுக்குக் கீழே எந்த எண்ணுக்கும் மரியாதை கிடையாது. நான் கணக்கில் எண்பத்தெட்டு வாங்கியபோது, மீதிப் பன்னிரண்டு எங்கே போச்சு என்று, வரும் வழியில் நான் எங்கோ தொலைத்துவிட்ட மாதிரி கேட்டவர் அவர். அன்றிலிருந்து பீரோ கதவில் என் ரேங்க் கார்டுக்குப் பக்கத்தில் அக்காவின் காலுக்கும் ஒரு தாள் ஒட்டப்பட்டது.

ஞாயிறுதோறும் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மொட்டைமாடியில் பரீட்சை நடக்கும். நான் சாக்பீஸால் கோடு போட்டு, அம்மாவின் இஞ்ச் டேப்பை விரித்துக் காத்திருப்பேன். இடது கால் நூற்று நாற்பது சென்டிமீட்டர். வலது கால் நூற்று ஐந்து. எழுபத்தைந்து மார்க். அடுத்த வாரம் எழுபத்தாறு. அதற்கடுத்த வாரம் மறுபடி எழுபத்தைந்து. அக்கா பயிற்சிகளை ஒன்று விடாமல் செய்தாள். அம்மா ஆட்டுக்கால் சூப் வைத்தாள். அப்பா தினமும் இரண்டு முட்டை என்று உத்தரவு போட்டார். எண் மட்டும் அசையவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா பீரோ கதவைப் பார்ப்பார், பிறகு அக்காவைப் பார்ப்பார். அக்கா தட்டைப் பார்ப்பாள். மார்க் குறைந்த பிள்ளையின் நிலைமை என்னவென்று எனக்குத் தெரியும்.

ஏப்ரலில் ஒரு நாள் நாங்கள் அளந்துகொண்டிருந்தபோது திடீரென்று காற்று கிளம்பியது. கொடியில் காய்ந்த ஒரு பட்டுப் பிளவுஸ் துணி பிய்த்துக்கொண்டு பறந்தது. அம்மாவிடம் தைக்க வந்த துணி. கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் தெருச் சாக்கடையில்தான் விழும். கோட்டில் நின்றுகொண்டிருந்த அக்கா வலது காலை ஊன்றித் தாவினாள். துணியைக் கையில் பிடித்தபடி அதே காலில் இறங்கி நின்றாள். துளிகூட ஆடவில்லை. இடது காலுக்கு நான் போட்டிருந்த கோடு அவள் குதிகாலுக்குப் பின்னால் கிடந்தது.

நான் வாயைப் பிளந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அப்பாகிட்ட சொல்லிடாத பாப்பா."

துணி பறந்த விஷயத்தைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, சத்தியம் செய்தேன். ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெளிவாகிவிட்டது. அக்காவின் கால் நன்றாக இருக்கிறது, மார்க்தான் சரியாக வரவில்லை. எனக்கும் விடை தெரிந்தும் பரீட்சையில் எழுத வராமல் போயிருக்கிறது. அந்த மாதிரி நேரத்தில் பக்கத்துப் பெஞ்சுக்காரி லேசாகப் பேப்பரைத் திருப்பிக் காட்டினால் எத்தனை நன்றாக இருக்கும் என்று நினைத்திருக்கிறேன்.

மே முதல் வாரம் கிளினிக்கில் கடைசிப் பரீட்சை. அப்பா ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். முட்டி உள்பக்கம் மடங்குகிறதா என்று பார்க்கப் பிசியோ மேடம் நேர் எதிரே உட்கார்ந்துகொண்டார். தரையில் அடையாளம் வைத்து எண்ணைச் சொல்வது அசிஸ்டென்டான என் வேலை. இடது காலுக்குக் குதிகாலில் அடையாளம் வைத்தேன். நூற்று நாற்பது. வலது காலில் அக்கா தாவி இறங்கினாள். குதிகால் வழக்கம்போல நூற்றெட்டில் இருந்தது. நான் கட்டைவிரலுக்கு நேராக ஒட்டுத்தாளை ஒட்டினேன். ஒரு பாத நீளம் கூடிவிட்டது.

"நூத்தி முப்பத்தொண்ணு" என்றேன். குரல் நடுங்கவில்லை. அந்த வயதில் எனக்கு அதில் நல்ல திறமை இருந்தது.

அக்கா குனிந்து ஒட்டுத்தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிசியோ மேடம் கணக்குப் போட்டார். தொண்ணூற்று மூன்று. அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

"முட்டியும் நல்லா நிக்குது. பயம் ஏதாவது இருக்காம்மா?" என்று மேடம் அக்காவிடம்தான் கேட்டார்.

"பயமா? எங்க வீட்டுப் பொண்ணுக்கா?" என்று அப்பா சிரித்தார்.

அக்காவும் சிரித்தாள். மேடம் தாளில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். இன்று நான் கொடுக்கிற தாள் அவரிடம் அன்று இல்லை. அப்பா வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினார். என் ரேங்க் கார்டுக்குக்கூட அவர் கால் கிலோவுக்கு மேல் வாங்கியது கிடையாது.

செலக்‌ஷன் நாள் காலையில் அம்மாவும் நானும் கேலரியில் உட்கார்ந்திருந்தோம். அப்பா கீழே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா பாடிப் போனாள். தாண்ட வேண்டிய கோட்டைத் தாண்டினாள், உடனே திரும்பி வந்துவிட்டாள். யாரையும் தொடவில்லை. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை எதிரணிப் பெண் ஒருத்தி கையை நீட்டியதுமே, பத்தடி தள்ளியிருந்தும், அக்கா பின்வாங்கினாள். காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் பெயர் பட்டியலில் இல்லை.

திரும்பும்போது ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் நானும் அக்காவும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். என்னால்தான் எல்லாம் கெட்டது, பொய் மார்க் போட்டதால்தான் கால் காலை வாரிவிட்டது என்று எனக்கு அழுகை முட்டியது. காவிரிப் பாலம் வந்தபோது, "நான் கட்டைவிரல்ல ஒட்டிட்டேன் அக்கா" என்று அவள் காதில் சொன்னேன். "தெரியும்" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கால் என்றைக்கோ சரியாகிவிட்டிருந்தது. அக்காதான் இன்னும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பயமாக இருக்கிறது என்று சொல்ல அந்த வீட்டில் இடமில்லாததால், ஞாயிறுதோறும் ஒன்றரைச் சாண் குறைத்துத் தாவி, தனக்கு ஒவ்வொரு வாரமாக அவகாசம் வாங்கிக்கொண்டிருந்தாள். அதைத்தான் நான் பிடுங்கினேன். பிசியோதெரபி படிக்கப் போய், அந்தக் கேள்வித்தாளை முதன்முதலாக வகுப்பில் பார்த்தபோது இது எனக்கு உறைத்தது. அக்காவின் முட்டிக்கு இதுவரை எந்தத் தொந்தரவும் இல்லை. எங்கள் பதிவேட்டு முறைப்படி அவள் முழு வெற்றி.

ஆனால் செலக்‌ஷன் நாள் பஸ்ஸோடு முடியவில்லை. அன்று சாயங்காலம் அக்கா ஒரு வாளித் தண்ணீரோடு மொட்டைமாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். சாக்பீஸ் கோடுகளையெல்லாம் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினாள். தொடக்கக் கோடு ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அதில் போய் நின்றாள். தெருவில் ஐஸ் வண்டி மணி கேட்டது. யாருக்காகவும் இல்லாமல் வலது காலில் ஒரு தாவு தாவினாள். இறங்கி நின்றவள் முகத்தில், பத்து மாதத்தில் நான் பார்க்காத ஒரு சிரிப்பு இருந்தது.

நான் பாவாடை முடிச்சிலிருந்து டேப்பை உருவினேன்.

"அளக்காத பாப்பா. விடு."

அதற்குள் அளந்துவிட்டேன். இந்த முறை நேர்மையாக, குதிகாலில். நூற்று நாற்பத்து நான்கு. மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு நூற்றிரண்டு. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் வாங்காத மார்க்.

"யார்கிட்டயும் சொல்லாத. கெஞ்சிக் கேக்கறேன்" என்றாள் அக்கா.

துணி பறந்த அன்று சொல்லாமல் இருந்ததால்தானே இவ்வளவும் ஆனது என்று எனக்குத் தோன்றியது. அவளுக்குக் கூச்சம், நாம்தான் சொல்ல வேண்டும். படிகளில் இரண்டிரண்டாகக் குதித்து இறங்கினேன். மதியத்திலிருந்து சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போய், "அப்பா, அக்கா நூத்துக்கு நூத்திரண்டு! நிஜமா! நானே அளந்தேன்!" என்று கத்தினேன்.

அப்பாவின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்ததை இன்றும் மறக்கவில்லை. பாவம், அவரும் காலையிலிருந்து செத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"அப்படியா? அப்ப ஒண்ணும் கெட்டுப்போகல. அடுத்த வருஷம் மே மாச செலக்‌ஷன்ல பாத்துடலாம். அந்தக் கேலண்டரை எடு."

திரும்பிப் பார்த்தேன். அக்கா கடைசிப் படியில் காலி வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அவளுக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். ஓடிப்போய் ஆணியிலிருந்து கேலண்டரைக் கழற்றி வந்து அப்பாவின் கையில் கொடுத்தேன்.