எடை பார்க்க வந்தவர்

எழுபதுகளில் காரைக்கால்மேட்டில், குழந்தைகளுக்குச் சத்துமாவு கொடுக்கும் மையத்தில் வேலை பார்த்தேன். திட்டத்தால் பலன் உண்டா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். ஒல்லியான, சிரிக்காத மனிதர். யார் எதைச் சொன்னாலும், "அப்புறம்?" என்பார். வந்த அன்றே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

மீன் விற்றுத் திரும்பிய ஒருத்தியிடம், "மாவு வாங்குறீங்க, புள்ளைக்கு ஏன் எடை ஏறல?" என்று கேட்டார்.

"வீட்ல இன்னும் மூணு புள்ளைங்க இருக்கு. இவனுக்கு மட்டும் ஊட்டிட்டு மத்ததப் பட்டினி போடவா?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? எம் புருசன் கடலுக்குப் போகலன்னா எங்க வீட்ல அடுப்பு எரியாது. அத எழுதிக்கங்க!"

தலையாட்டிவிட்டுப் போனார். கூடுதல் மாவு வரும் என்று நம்பினேன்.

உத்தரவுதான் வந்தது. இனி மாவை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது, மையத்திலேயே ஊட்ட வேண்டும். அவளுடைய கடைக்குட்டி தேறினான். மற்ற மூன்றும் வாசலில் நின்று அவன் தின்பதைப் பார்த்தன. அவள் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

அவர் மறுபடி வந்தபோது ஆத்திரத்தோடு அந்த மூன்று பிள்ளைகளையும் காட்டினேன்.

"அஞ்சு வயசு தாண்டிடுச்சு. இவங்க இந்தத் திட்டத்துல வரமாட்டாங்கம்மா" என்றார்.

குரலில் கடுமை துளியும் இல்லை. இன்றுவரை எனக்கு ஆறாதது அதுதான்.