கை நனைக்காத பகல்

நல்ல குடிமகனுக்கு வேண்டிய குணங்கள் என்னென்ன என்று பேசும்படி பசுமலையில் ஒரு கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். போனேன். ஒழுங்கு, கடமை, தியாகம் என்று எதையோ அடுக்கிவிட்டு இறங்கினேன். கை தட்டினார்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியது வேறு. அதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

யுத்த காலம். சிம்மக்கல்லில் நாங்கள் குடியிருந்தது ஒரு வளவு. தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே ஒரே கிணறு, சுற்றிலும் ஆறு குடித்தனம். ஒரு வீட்டில் ரசம் கொதித்தால் ஆறு வீட்டு மூக்குக்கும் தெரியும். அந்த வளவுக்குள்தான் என் தங்கைக்குக் கல்யாணம். பந்தக்கால் நட்டாயிற்று. மேற்கே செக்கானூரணிக்கு அப்பால், காடு கரை வைத்துப் பயிர் செய்யும் சம்சாரிக் குடும்பத்து மாப்பிள்ளை.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில், கடைசி வீட்டில் குடியிருந்த மில் தொழிலாளி தன் வாசல் நிலையில் ஒரு வேப்பங்குலையைக் கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் எங்கள் வீட்டுப் படிக்கு வந்து, படியேறாமல் தள்ளி நின்று, அப்பாவிடம் சொன்னார்.

"புள்ளைக்கு முத்துப் போட்டிருக்குண்ணே. நெறையா. கல்யாணம் இருக்குன்னு தெரியும். ஆனா கைப்பிள்ளைகளோட வருவாகல்ல."

அவ்வளவுதான். அவர் என்ன நினைத்திருப்பார் என்று அப்போது எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. முனிசிபாலிட்டி ஆள் வந்து பிள்ளையைத் தூக்கிப்போய் ஊருக்கு வெளியே கொட்டகையில் போட்டுவிடலாம். வளவுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். மூடி வைத்துக்கொள்ள அவருக்கு ஆயிரம் காரணம் இருந்தது.

அம்மை கண்ட இடத்தில் மேளம் கூடாது, தாளிக்கக் கூடாது, வெளியாள் காலடி கூடாது. எங்கள் பந்தலோ அந்த வேப்பங்குலைக்கு எதிரேயே நின்றது. கூடிப் பேசினோம். திருப்பரங்குன்றத்துக்குக் கல்யாணத்தை மாற்றிவிடலாம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்லி மாற்றுவது என்பதுதான் கேள்வி. அம்மை என்று சொன்னால் சகுனம் பார்ப்பார்கள், சம்பந்தமே முறிந்துபோகும். விருந்துக்கு அரிசி கிடைக்கவில்லை, ரேஷன்காரன் கெடுபிடி செய்கிறான் என்று சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? பெரியப்பா அப்படித்தான் சொல்லச் சொன்னார். அப்பா பஸ்ஸுக்குச் சில்லறை கொடுத்து, "போயிட்டு வாடா" என்றார். தங்கை கிணற்றடியில் எனக்கு முதுகு காட்டி நின்றாள்.

கரி பஸ். பின்னால் கட்டிய உருளையில் அடுப்புக்கரி புகைய, மேடு வரும்போதெல்லாம் அது மூச்சு வாங்கும். நாகமலை கூடவே வந்தது, முடியாத ஒரு வாக்கியம் போல. அரிசிப் பொய்யை நான் நன்றாகவே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். புழுதிக்குள் இறங்கி நடந்தபோதும் அது நாக்கு நுனியில் பத்திரமாக இருந்தது.

ஆனால் அந்த வீட்டு முற்றத்தில் இரண்டு குழந்தைகள் மண்ணில் புரண்டு விளையாடிக்கொண்டிருந்தன. ஒன்று எழுந்து என் வேட்டியைப் பிடிக்க ஓடி வந்தது. நான் பின்னால் நகர்ந்தேன், என்னை அறியாமல். பூவரச மரத்தடியிலேயே நின்றுவிட்டேன்.

உள்ளே வரச் சொன்னார்கள். வரவில்லை என்றேன். இலை போட்டாயிற்று என்றார்கள். வேண்டாம் என்றேன். ஒரு வாய் மோராவது குடி என்று மாப்பிள்ளையின் அத்தை செம்போடு வந்தார். அதையும் வாங்கவில்லை. எங்கள் பக்கம் சம்பந்த வீட்டில் கை நனைக்காமல் ஒருவன் நின்றால், சம்பந்தம் வேண்டாம் என்று வாய் திறந்து சொன்னது போலத்தான். செம்பு பாதியில் நின்றது. மாப்பிள்ளையின் தகப்பனார் கட்டிலைவிட்டு எழுந்து வந்தார்.

"என்ன மாப்ள, பொண்ணு இல்லைன்னு சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்த?"

அரிசி எங்கோ ஓடிப்போனது. எல்லாவற்றையும் சொன்னேன். வேப்பங்குலை, கடைசி வீடு, ஒரே கிணறு, நான் உள்ளே வராததன் காரணம், குன்றத்துக்கு மாற்ற நினைத்தது. அத்தை, ஆத்தா தடுத்துவிட்டாள், அடுத்த தைக்குத் தள்ளிப்போடுங்கள் என்றார். தகப்பனார் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்தப் புள்ளைக்கு எத்தனை வயசு?"

நாலு இருக்கும் என்றேன். பொம்பளைப் பிள்ளை என்றேன்.

"சொல்லாம விட்டிருந்தா நாங்க அம்புட்டுப் பேரும் வண்டி கட்டிக்கிட்டு அங்கனதான வந்து இறங்கியிருப்போம்." குழந்தையை இறக்கி உள்ளே அனுப்பினார். "குன்றத்துலயே வைப்போம். இப்பிடிச் சொல்றவுக வீட்டுப் பொண்ணு எங்களுக்கு வேணும்."

பிறகு அத்தை கையிலிருந்த செம்பை வாங்கி, "கையை ஏந்து, செம்பைத் தொட வேணாம்" என்று உயரப் பிடித்து ஊற்றினார். விரலிடுக்கில் வழிந்து முழங்கைவரை ஓடியது மோர். அவ்வளவு உப்பாக, அவ்வளவு குளிர்ச்சியாக எதையும் நான் குடித்ததில்லை. திரும்பும்போது பஸ் வழியில் நின்றுபோய், இறங்கித் தள்ளச் சொன்னார்கள். சிரித்துக்கொண்டே தள்ளினேன். பக்கத்திலிருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வளவுக்குள் நுழைந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கடைசி வீட்டை நோக்கிப் போய், தள்ளி நின்றபடியே, கல்யாணம் குன்றத்தில் நடக்கிறது, உள்ளதைச் சொல்லித்தான் சம்மதம் வாங்கினேன் என்றேன்.

"அப்ப நிக்கலையா தம்பி?"

இல்லை என்றேன்.

அவர் வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நம்மாள ஒரு கல்யாணம் நின்னு போகுமோங்கிற பயத்துல, புள்ளைக்காக அழக்கூட வரல தம்பி" என்றார். அதன் பிறகு அழுதார், வளவுக்கே கேட்கும்படி. யாரும் போய்த் தடுக்கவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டோம்.

அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது.