முகைதீன் பிச்சையின் கட்டைவிரல்கள்

கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குகள் இருந்த தெருவில் முகைதீன் பிச்சையை ‘ஜப்பான் இக்கா’, ஜப்பான் அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்காது. வேண்டாமென்று சொன்னதும் இல்லை. வாரத்தில் ஆறு நாள் கிடங்கில் மூட்டை எடை போடுவார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் வீட்டு முன்னறையில் கோரைப்பாயை விரிப்பார். மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்த சுமட்டுக்காரர்களும் படகு வலித்துக் கழுத்தைத் திருப்ப முடியாத வள்ளக்காரர்களுமாக நாலைந்து பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

முதல்முறை வருகிறவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடுவார்கள்.

“எண்ணெ இல்லாம என்ன உழிச்சில் இக்கா?”

“இது எண்ணெ தேச்சு உருவுற உழிச்சில் இல்ல. சட்டையப் போட்டுக்கிட்டுக் கமுந்து படு.”

முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரல்களை ஊன்றி, தன் உடம்பின் கனத்தை மெல்ல அதில் இறக்குவார். தேய்ப்பதில்லை, பிசைவதில்லை, நெட்டி முறிப்பதில்லை. படுத்திருப்பவர் மூச்சை விடும்போது அழுத்துவார், இழுக்கும்போது தளர்த்துவார், பிறகு ஒரு விரற்கடை தள்ளி மறுபடியும். இடுப்பு வலி என்று வந்தவனுக்குத் தொடையின் பின்பக்கத்தில் ஆரம்பிப்பார். முக்கால் மணி நேரத்தில் பலர் தூங்கிப்போவார்கள். எழுந்ததும் வலி போய்விட்டதென்று எல்லோரும் சொல்லமாட்டார்கள். உடம்பு லேசாக இருக்கிறது, ராத்திரி நல்ல தூக்கம் வருகிறது என்பார்கள். எலும்பு முறிவு, காய்ச்சல் என்று வந்தால் அவர் தொடவே மாட்டார். “டாக்டர்கிட்ட போ” என்று அனுப்பிவிடுவார். ஷியாட்சு என்று ஜப்பானில் அதற்குப் பெயர், விரலால் அழுத்துவது என்று அர்த்தம் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் சொன்னதில்லை.

மனைவி சுல்ஃபத்துக்கு மட்டும் இன்னொன்று தெரியும். யாருடைய காலையாவது அழுத்திக்கொண்டிருக்கும்போது சில நாள் அவர் அப்படியே உறைந்துவிடுவார். விரலுக்கடியில் இருக்கிற கால் வேறொருவனுடைய காலாகிவிடும். சில்லென்று ஈரமாக, கெண்டைச் சதை கல்லைப் போல இறுகும். படுத்திருப்பவன் தூங்கிக்கொண்டிருப்பான். இவர் உதட்டை மட்டும் அசைத்து ஏதோ ஓதிக்கொண்டு, அது போகும்வரை காத்திருப்பார்.

1957 மழைக்காலத்தில் இசக்கிமுத்து வந்தான். கோயில்பட்டிப் பக்கத்திலிருந்து சுமை தூக்க வந்தவன். மிளகு மூட்டையோடு வழுக்கி விழுந்து நிமிர முடியாமலிருந்தான். முகைதீன் பிச்சை அவன் முதுகில் விரலை வைத்ததும் எடுத்துவிட்டார். இடது தோள்பட்டை எலும்பு சிறகு மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அந்த முதுகை அவருக்குத் தெரியும். வழக்கமாகக் காலாக வருகிற அதுதான் இன்றைக்கு முதுகாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

“என்ன அண்ணாச்சி, எலும்பப் பாத்துப் பயந்துட்டீயளா?” என்று சிரித்தான் இசக்கிமுத்து. “பொறப்புலேயே அப்படித்தான். எங்கண்ணன் வீரபாண்டிக்கும் இதே எலும்புதான்.”

“அண்ணன் எங்க இருக்காரு?”

“மலாயாவுல, ரப்பர் தோட்டத்துல இருந்தான். சண்டைக்கு அப்புறம் ஒரு தாக்கலும் இல்ல. எங்கம்மை இன்னும் அவன் வருவான்னுதான் சொல்லிக்கிட்டிருக்கா.”

அன்றைக்கு அவனை முழுக்க அழுத்தி அனுப்பினார். அடுத்த வெள்ளிக்கிழமை உடம்பு சரியில்லை என்று பாயை விரிக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் விரிக்கவில்லை. சோறு இறங்கவில்லை. சாயா கிளாஸைப் பிடித்தால்கூட விரலுக்கடியில் அந்தச் சதை இறுகியது.

“இஞ்சருங்க,” என்றாள் சுல்ஃபத், “யாருக்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட சொல்லிருங்க. எனக்கிட்ட சொல்லவேண்டாம்.”

இசக்கிமுத்துவை அவரே தேடிப்போய் அழைத்துவந்து உட்காரவைத்துச் சொன்னார்.

பினாங்கில் கடைவேலையில் இருந்த அவரை நாற்பத்துமூன்றில் ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். காட்டுக்குள் முகாம். பக்கத்துப் படுக்கை வீரபாண்டி. அந்த முகாமில் மொரித்தா என்றொரு ஜப்பானிய மருத்துவ உதவியாள் இருந்தான். ஊரில் ஷியாட்சு வைத்தியம் பார்த்தவன். அவன் கையில் வெட்டுப்பட்டு விரல் மடங்காமல் போனதும், அதிகாரியின் முதுகை அழுத்த வேறொரு கை தேவைப்பட்டது. முகைதீன் பிச்சையின் கைகளைப் புரட்டிப் பார்த்து இவன் போதும் என்றான். இவர் முதுகிலேயே அழுத்திக் காட்டி, தப்பாகச் செய்தால் அறைந்து, ஒரு மாதத்தில் கற்றுக்கொடுத்தான். அதற்குப்பின் இவருக்கு மண் சுமக்கிற வேலை இல்லை.

“மழையில காலரா வந்துச்சு தம்பி. உங்கண்ணனையும் போட்டுருச்சு. வயித்தால போயிப் போயி, கால் ரெண்டும் குரக்கு வலி பிடிச்சு இழுக்கும். அலறுவாரு. நான் கெண்டைக்கால் நடுவுல விரல வச்சு அழுத்துனா கொஞ்சம் விடும். எடுத்தா மறுபடியும் இறுகும். அப்படியே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்ப அதிகாரி கூப்பிடுறாருன்னு ஆள் வந்தான். உங்கண்ணன் என் கைலியப் பிடிச்சுக்கிட்டு, விட்டுட்டுப் போவாதீங்க பாய்னாரு.”

“நீங்க?”

“போயிட்டேன். அந்த ஆளு முதுக அழுத்துனேன். ஒரு உருண்ட சோறு குடுத்தாங்க, அதையும் தின்னேன். திரும்பி வந்தா படுக்கையில ஆள் இல்ல. எரிச்சிட்டாங்க. உசிரு போன பொறகுதான் தூக்குனாங்களான்னு நான் யாருக்கிட்டயும் கேக்கல. கேக்கப் பயம்.”

இசக்கிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனான்.

ஒரு மாதம் அவனைக் காணவில்லை. பிறகு ஒரு நாள் காலையில், தன் தாய் பேச்சியம்மாளை ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். சுல்ஃபத் பாய் போட்டாள். கிழவி உட்காராமல் முகைதீன் பிச்சையின் முகத்தையே பார்த்தாள்.

“எம்மவன் கால நீருதான் பிடிச்சீராக்கும்?”

“ஆமாம்மா.”

“எம்புட்டு நேரம்?”

“மத்தியானம் தொட்டுப் பொழுது சாயுற வரைக்கும்.”

கிழவி அவருடைய வலது கையை எடுத்து, கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பெத்தவ எனக்கு அது குடுத்துவைக்கல” என்றாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

இறந்த தேதி தெரியாததால் அடுத்த சிவராத்திரிக்கு ஆலுவா ஆற்று மணல்புறத்தில் வீரபாண்டிக்குப் பிண்டம் வைத்துப் பலி போட்டார்கள். இசக்கிமுத்து வந்து கூப்பிட்டான். முகைதீன் பிச்சை போனார். கூட்டத்துக்குள் இறங்காமல் கரையிலேயே நின்றார். ஈரத்துணியோடு மேலேறி வந்த இசக்கிமுத்து அவர் பக்கத்தில் நின்று, “அண்ணாச்சி, இடுப்பு மறுபடியும் பிடிச்சிருக்கு. வெள்ளிக்கிழம வரட்டா?” என்று கேட்டான்.

“வா.”

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அவர் உயிரோடிருந்தார். சொன்னதால் அது போய்விட்டதா என்று சுல்ஃபத் ஒருமுறை கேட்டாள். இல்லை என்றார். முன்பெல்லாம் அது வந்தால் போகச்சொல்லி ஓதிக்கொண்டிருந்தார். இப்போது விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். சில வெள்ளிக்கிழமைகளில் அந்தச் சதை மெல்லத் தளரும். சிலவற்றில் தளராது. அப்படிப்பட்ட நாட்களில் அவர் விரலை எடுக்காததால் பாயில் படுத்திருந்தவர்கள் இருட்டும்வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்கள். இக்காவுக்கு இன்றைக்கு என்ன இத்தனை அக்கறை என்று வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.