ஆம்புலன்ஸுக்குப் பின்னால் ஒரு வேன்

மானாம்பதி சேட்டு எதையும் ஒற்றை ஏற்பாட்டோடு விடமாட்டார். கிணற்று மோட்டார் நின்றால் டீசல் இன்ஜின் இருக்கும். அதுவும் மக்கர் செய்தால் என்ன செய்வதென்று பக்கத்து நிலத்துக்காரரிடம் முன்பே தண்ணீருக்குச் சொல்லி வைத்திருப்பார்.

அவர் மனைவி சுலோச்சனா மஸ்கட்டுக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பியபோதும் அப்படித்தான். சென்னையைவிட பெங்களூரிலிருந்து விமான டிக்கெட் மலிவு. ஆனால் அவ்வளவு தூரம் போய்ச் சேர வேண்டுமே! காஞ்சிபுரத்தில் பெங்களூர் பஸ் பிடிக்க வேண்டும். அது தவறினால் காட்பாடியில் ரயில். ரயிலும் போய்விட்டால் மைத்துனன் தமிழரசனின் காய்கறி வேன். அன்று முழுக்க அவனை லோடு ஏற்ற விடவில்லை.

"பஸ்ஸே போதும்யா, சும்மா பேஜார் பண்ணிக்கினு கீறே" என்று சுலோச்சனா சிரித்தாள். பஸ்ஸே போதுமாக இருந்தது.

போய்ச் சேர்ந்த எட்டாவது மாதம் அங்கே தூக்கத்திலேயே அவள் மூச்சு நின்றுவிட்டது. உடல் சென்னைக்கு வந்தது. மலிவு பார்த்து அன்று வேண்டாமென்று விட்ட அதே பக்கத்து விமான நிலையம். நாசமாய்ப் போன மலிவு!

பெட்டியை வாங்கப் போனபோது, ஆம்புலன்ஸோடு தமிழரசனின் வேனையும் சேட்டு வரச் சொல்லியிருந்தார்.

"வேன் இன்னாத்துக்கு மாமா? அக்கா இனிமே எந்த பிளேனைப் புடிக்கணும்?" என்று தமிழரசன் அழுதான்.

"ஆம்புலன்ஸ் வழியில நின்னுட்டா? அவ ரோட்ல கெடப்பாளா?"

ஆம்புலன்ஸ் எங்கும் நிற்கவில்லை. வேன் ஊர்வரை காலியாகவே பின்னால் வந்தது.