வீட்டில் நான் மட்டும் வெளிநாட்டுக்காரி

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ணில், ஸ்பிரிங்வேல் பக்கம் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கணவர் தொழிற்சாலை ஒன்றில் பொறியியலாளர். மகள் அங்கேதான் பிறந்தாள். பிறந்த அன்றே அவள் ஆஸ்திரேலியப் பிரஜை. பிறகு கணவரும் விண்ணப்பித்து, நகரமண்டபத்தில் சத்தியம் செய்து, பத்திரத்தோடு வந்தார். நான் மாட்டேன் என்றுவிட்டேன்.

"உமக்கு என்னதான் பிரச்சினை?" என்று கேட்டார்.

"பேப்பரிலை தந்ததைப் பேப்பராலையே பறிப்பினம்."

சும்மா சொல்லவில்லை. இலங்கையில் மலைநாட்டுப் பாடசாலை ஒன்றில் ஐந்து வருடம் படிப்பித்தவள் நான். அங்கே தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த இந்திய வம்சாவளியினரை ஒரு சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியிருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் எதைப் பிழையாக எழுதினாலும் 'பிரஜாவுரிமை' என்ற சொல்லை மட்டும் பிழையில்லாமல் எழுதுவார்கள். வீட்டில் அவ்வளவு அடிபட்ட சொல் அது. அதிகாரி யாராவது குறிப்புப் புத்தகத்தோடு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்து விசாரித்துவிட்டுப் போவார்கள். சில மாதங்களில் இரண்டு மூன்று பிள்ளைகளின் இடம் காலியாகிவிடும். கப்பலேற்றி, கண்ணால் கண்டிராத இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்படுவோம்.

அதனால்தான், கோட் போட்ட ஒருவன் பக்கத்து வீட்டு வேலியோரம் நின்று எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டதும் நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒதுங்கி நின்று பார்த்தேன். பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தனியாக இருந்தார். தலையசைப்பதைத் தவிர நாங்கள் பேசியதில்லை. அவர் ஏதோ சொல்ல, கோட்காரன் எழுதினான். பிறகு இருவரும் எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்சூரன்ஸ்காரனா இருக்கும். ஏனப்பா இப்பிடிப் பயப்பிடுறீர்?" என்று கணவர் சிரித்தார்.

மறுவாரமும் அவன் வந்தான். அவன் போனதும், பிள்ளையை இடுப்பில் வைத்தபடி நேராக வேலியடிக்குப் போனேன்.

"எங்களைப் பற்றி அவன் என்ன கேட்டான்?" என்றேன் ஆங்கிலத்தில்.

கிழவர் ஓரடி பின்வாங்கினார். "நீ சொல்லு முதலில். தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறாய். யாருக்கு எழுதுகிறாய்?"

அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட முறிந்திருந்தது. இந்த மண்ணின் சொந்தக்காரர் போல் நான் எண்ணிப் பயந்திருந்த மனிதர், உலக யுத்தத்துக்குப் பிறகு ரஷ்யர்களுக்குப் பயந்து லட்வியாவில் இருந்து ஓடிவந்தவர் என்று பேச்சில்தான் தெரிந்தது. உள்ளே போய், இலங்கையில் இருக்கும் தங்கைக்குப் பாதி எழுதியிருந்த நீல விமானத் தபால் கடிதத்தை எடுத்துவந்து காட்டினேன். தமிழ் எழுத்துகளை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. வந்தவன் இன்சூரன்ஸ் விற்பவன் என்று அவர் சொன்னதை நானும் முழுதாக நம்பவில்லை.

"நீங்கள் இந்த நாட்டுப் பிரஜையா?" என்று கேட்டேன்.

"இங்கே வந்து இருபத்தைந்து வருடம். இல்லை. கையெழுத்து வைத்தால் என் பெயர் ஒரு பட்டியலில் ஏறும். பட்டியல் யார் கைக்குப் போகும்?"

அவர் வீட்டு ஜன்னல்களில் உள்பக்கமாகப் பழைய பத்திரிகைத் தாள்கள் ஒட்டியிருந்ததை அப்போதுதான் கிட்ட நின்று பார்த்தேன். அவர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்குச் சரியென்றே பட்டது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இன்னும் இருபத்தைந்து வருடத்தில் நானும் இப்படித்தான் நிற்பேன்.

அன்று பின்னேரம் படிவம் கேட்டேன். கணவர் எடுத்துத் தந்தார்.

நேர்முகத்துக்குப் போனபோது அதிகாரி, இளைஞன், மரியாதையாகத்தான் பேசினான். "ஏன் ஆஸ்திரேலியராக விரும்புகிறீர்கள்?"

நாட்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை மனப்பாடம் செய்து போயிருந்தேன். வாயில் வேறு வந்தது. "என் மகள் உங்கள் ஆள். அவளையும் என்னையும் நாளைக்கு வேறு வேறு வரிசையில் நிற்க வைக்கக் கூடாது."

அவன் எழுதத் தொடங்கினான். நான் சொன்னதைவிட நீளமாக எழுதுவது போலிருந்தது.

"என்ன எழுதுகிறீர்கள்?"

ஆச்சரியத்தோடு தாளை என் பக்கம் திருப்பினான். பிள்ளையோடு இங்கேயே இருக்க விரும்புகிறார், நன்றாக ஆங்கிலம் பேசுகிறார் என்று இருந்தது. இரண்டுமே உண்மைதான். மறுபக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன்.