பிலோமினா கிழித்த பதாகை

பிலோமினா இறந்த செய்தி பல்கலைக்கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. ‘நமது சேவை மரபின் சுடர் அணைந்தது’ என்று துணைவேந்தர் பெயரில் எழுதியிருந்தார்கள். தண்டையார்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றபடி படித்தேன். அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. அந்தச் சுடரை ஊதி அணைக்கப் பார்த்தவர் இதே ஆள்தான். அன்று அவர் பதிவாளர்.

ராயபுரத்துத் துறைமுகத் தொழிலாளியின் மகள் பிலோமினா. சமூகப்பணித் துறையில் என்னோடு ஆசிரியராக இருந்தார். மாணவர் சேவைப் பிரிவும் அவர் பொறுப்பு. சேவை என்றால் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு என்னவென்று உங்களுக்கே தெரியும். வருடம் ஒருமுறை எண்ணூர் போய் மரக்கன்று நடுவது, துணிப் பதாகைக்குப் பின்னால் நின்று படமெடுப்பது, பிரியாணி சாப்பிட்டுத் திரும்புவது.

எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கசிந்து படர்ந்திருந்த அந்த வருடமும் கன்றுகளோடுதான் போனோம். மீன் விற்கும் கன்னியம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னா மேடம், போன தபா நட்டதுல ஒண்ணாச்சும் உசுரோட கீதா? போட்டெல்லாம் எண்ணெயா கீது. அத்தத் தொடைக்க ஒரு ஆளு வர்ல. நீங்க செடி நட்டுகினு கீறீங்க!”

பிலோமினா கன்றுகளை வண்டியிலேயே வைக்கச் சொன்னார். மாணவர்கள் சாயங்காலம்வரை படகுகளைத் துடைத்தார்கள்.

மறுநாள் பதிவாளர் எங்களைக் கூப்பிட்டார்.

“போட்டோவுல பேனரையே காணோமே, மேடம்?”

“துணி பத்தல சார். கிழிச்சுத் தொடச்சிட்டோம்.”

“யுனிவர்சிட்டி பேர் போட்ட பேனர்!”

“மொதல் தடவையா அந்தப் பேரு ஒரு வேலைக்கு உதவிச்சு சார்.”

மரபை இழிவுபடுத்தினார் என்று பொறுப்பைப் பறித்தார்கள். அதன்பிறகு பிலோமினா சனிக்கிழமைகளில் தானாகவே எண்ணூர் போனார். வியாசர்பாடி மாணவி கனகா தானும் வருவதாகச் சொன்னாள்.

“சர்டிபிகேட் கிடைக்குமா மிஸ்?”

“கை நாறும். அதுதான் கிடைக்கும். வர்றியா?”

போனாள். பிறகு சட்டம் படித்தாள். இன்று அந்த மீனவர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடுகிறாள். தன் வாழ்வை அர்த்தமுள்ள ஒரு வேலைக்குக் கொடுத்தவள். வெட்கமே இல்லாமல் பல்கலைக்கழகம் அவள் படத்தை விளம்பரப் பலகையில் போட்டிருக்கிறது.

இரங்கல் கூட்டத்தில் துணைவேந்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் ‘பிலோமினா சேவை விருது’ வழங்கப்படும் என்று அறிவித்தார். என்னைப் பேச அழைத்தபோது படகு துடைத்த கதையை அவர் முன்னாலேயே சொன்னேன். கனகா எழுந்தாள்.

“மிஸ் பேர விட்டுடுங்க சார். இத்தப் பாத்தா அவங்க சிரிப்பாங்க.”

யாரும் கைதட்டவில்லை. துணைவேந்தர் டீ கொண்டுவரச் சொன்னார்.

தியாகி, அன்னை என்று அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். பிலோமினாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய இளக்காரத்தை. இந்த மனிதர்கள் நடுவே இன்னும் சில வருடம் வேலை பார்க்க எனக்கு அது வேண்டும்.