ஐம்பதுக்கு மேல் அட்மிஷன்

அட்மிஷன் கவுண்டர் வேலை என்பது ஒரு நாளைக்கு ஐம்பது தடவை "என்ன படிக்கணும்?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் காதில் வாங்காமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கும் வேலை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு டியூஷன் சென்டரில் ஆறு வருஷம் அந்த வேலையைப் பார்த்தேன். வாரத்தில் இரண்டு நாள் விழுப்புரம் கிளை. பிளஸ் டூ டியூஷன், ஸ்போக்கன் இங்கிலீஷ், கம்ப்யூட்டர் கோர்ஸ், எல்லாம் ஒரே மாடியில் நடக்கும்.

கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கும் சக பாவிகளுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நமக்கு மேலே ஒருத்தர் இருப்பார். அவர் நினைப்பதை நம் வாயால் சொல்ல வேண்டும். திட்டை மட்டும் நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு மேலே இருந்தவர் சென்டரின் முதலாளி. எல்லாரும் அவரை கரஸ்பாண்டென்ட் என்பார்கள். நான் சேர்ந்த அன்றே அவர் சொல்லிவிட்டார்: "தல நரைச்சவங்க வந்தா பிள்ளையைச் சேர்க்க வந்த பேரன்ட்டுன்னு நெனச்சுக்கோம்மா. தானே படிக்க வந்தேன்னு சொன்னா, சிரிச்சிக்கினே அனுப்பி வுட்டுடு."

நானும் சிரித்துக்கொண்டே அனுப்பினேன். இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

சீட் இல்லை

ஒரு நாள் காலையில் சென்னையிலிருந்து போன். பேசியவன் ஏதோ கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவன். "மேடம், எங்கப்பா இன்னிக்கி உங்க சென்டருக்கு வருவாரு. ஜாக்ரஃபி படிக்கணும்னு ஒரே பேஜாரு. சீட் இல்லன்னு சொல்லி அனுப்பிடுங்க. சொந்தக்காரங்கல்லாம் சிரிக்கறாங்க." நான் "சரிங்க சார்" என்றேன். எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பழக்கம்.

பதினோரு மணிக்கு அப்பா வந்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு புது நோட்டு, அட்டை போட்ட அட்லஸ். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே வருஷக்கணக்காக வண்டி ஓட்டியவர். ஓர் ஊரில் செம்மண்ணாக இருக்கிறது, அடுத்த ஊரில் பாறையாக நிற்கிறது, அதற்கடுத்து ஏரி வருகிறது. ஏன் என்று யாரையாவது கேட்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக நினைத்தாராம். "வண்டிய நிறுத்திட்டா கேக்க முடியும்? பாத்துக்கினே போயிட்டேன்" என்றார்.

நான் ரிஜிஸ்டரைப் புரட்டுவது போல நடித்து, "சீட் இல்லைங்க" என்றேன். எனக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. உள்ளே நாலு பெஞ்சு காலியாகக் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். மகன் போன் செய்திருப்பான் என்று புரிந்துகொண்டிருக்க வேண்டும். அட்லஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கும் முன் ஒன்று சொன்னார். அதற்கப்புறம் அவர் வரவேயில்லை.

"இருவத்தெட்டு வருசமா ஊரு சனத்துக்கெல்லாம் எடம் குடுத்தேன், எனக்கு உக்கார ஒரு எடம் இல்லன்ற, அப்படித்தானம்மா?"

ஆறு எழுத்து

ஜைனம்பு அம்மா கோட்டக்குப்பத்துக்காரர். வயது ஐம்பத்திரண்டு. வீட்டுக்காரர் துபாயில். மகளைத் திண்டிவனத்தில் கட்டிக் கொடுத்திருந்ததால் வாரம் நாலு நாள் இங்கேதான் இருப்பார். "இங்கிலீஷ் பேச வேணாம், படிக்கத் தெரிஞ்சா போதும்" என்றார். எங்கள் விண்ணப்பத்தில் 'படிக்கும் நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. வேலை, இன்டர்வியூ, வெளிநாடு என்று மூன்றே மூன்றுதான் அதில் இருக்கும். நான் இன்டர்வியூவில் டிக் அடித்தேன். மூன்று வாரம் அந்தம்மாவை நிற்க வைத்து, 'நான் ஒரு டீம் லீடராக விரும்புகிறேன்' என்று இங்கிலீஷில் சொல்ல வைத்தார்கள். நாலாவது வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து, பைக்குள்ளிருந்து ஒரு ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தார்.

விஷயம் இதுதான். வயிற்றில் கட்டி என்று ஆபரேஷனுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். டாக்டர் பேசியதெல்லாம் மகனிடம். மகன் பேசியதெல்லாம் துபாயிலிருக்கும் அத்தாவிடம். காட்டிய இடத்தில் இவர் கையெழுத்துப் போட்டார். கட்டியோடு கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள் என்பது எட்டு மாதம் கழித்துத்தான் இவருக்குத் தெரிந்தது. அதுவும் மகளும் மருமகனும் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்ததால். கேட்டதற்கு மகன், "சொன்னா பயந்துக்குவீங்கன்னுதான் சொல்லல" என்றானாம். அவர் உடம்பு, அவர் வலி, அவர் கையெழுத்து. தகவல் மட்டும் மற்றவர்களுக்கு!

டிபன் பாக்ஸை மூடிவிட்டு, ஃபைலில் கர்ப்பப்பைக்கு இங்கிலீஷில் எழுதியிருந்த வார்த்தையைக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். யு, டி, இ, ஆர், யு, எஸ். மூன்று தடவை படித்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை, ஃபைலைப் படாரென்று மூடினார்.

"ஆறே எழுத்து. இத எங்கிட்ட சொல்றதுக்கு வூட்ல ஒருத்தனுக்கும் வாய் வரல பாத்தீங்களா, மேடம்?"

பாறையில் இருப்பது

விழுப்புரம் கிளைக்கு ஒரு நாள் மண்டகப்பட்டிலிருந்து ஏழுமலை என்று ஒரு விவசாயி வந்தார். அறுபது வயது இருக்கும். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுபவர். அவர் ஊர்க் குகைக் கோயில் பாறையில் வெட்டியிருக்கும் பழைய எழுத்தைப் படிக்க வேண்டுமாம். போன மாதம் ஒரு கல்லூரிக் கூட்டம் அங்கே வந்திருக்கிறது. கூட வந்த பேராசிரியரிடம் இவர், "அதுல இன்னா சார் எழுதிக்கீது?" என்று கேட்டிருக்கிறார். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போட்டோவுல விழறீங்க" என்று பதில் வந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து அந்தப் பாறைக்குப் பக்கத்திலேயே இருப்பவரைத் தள்ளி நிற்கச் சொல்ல, காலையில் வேனில் வந்து இறங்கியவருக்கு என்ன திமிர் பாருங்கள்.

அன்று கரஸ்பாண்டென்ட் விழுப்புரத்தில் இருந்தார். கம்ப்யூட்டர் கோர்ஸில் ஆள் குறைவு. அதனால் ஏழுமலையை உள்ளே கூப்பிட்டு, விசிறிக்குக் கீழே உட்கார வைத்து, அரைமணி நேரம் பேசினார். கல்வெட்டு படித்து என்ன ஆகப் போகிறது, கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டால் இந்த வயதிலும் ஏதாவது ஆபீஸில் வேலைக்குப் போகலாம் என்றார். ஏழுமலை பொறுமையாகக் கேட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வேலைக்கி எதுக்கு சார் படிக்கணும்? வேலதான் எங்கிட்ட தேவைக்கு மேல கீதே!"

கடைசி பெஞ்ச்

இதைச் சொல்ல எனக்கே கூசுகிறது. ஒரு சாயங்காலம் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா படியேறி வந்தார். நான் தலையை நிமிர்த்தாமலே, "க்ளீனிங் வேலைன்னா பின்பக்கம் போங்கம்மா" என்றேன். "வேலைக்கி வரல தாயி, கெமிஸ்ட்ரி படிக்க வந்தேன்" என்றார். பெயர் கன்னியம்மா. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தவர். இருபத்தாறு வருஷம் அங்கே கெமிஸ்ட்ரி லேபைக் கழுவியிருக்கிறார். ஒரு நாள் ஆசிட் மிச்சமிருந்த ஜாடியைக் கழுவத் தண்ணீர் ஊற்றியபோது அது கொதித்துத் தெறித்து, வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்துவிட்டது. "கழுவிக்கோ, ஒண்ணும் ஆவாது" என்றார்களாம். ஏன் கொதித்தது என்று கேட்டால், "ஒனக்கெதுக்கு அதெல்லாம்?"

எங்கள் கெமிஸ்ட்ரி சார் சின்ன வயசுக்காரர், நல்ல பையன். "கடைசி பெஞ்சுல உக்காருங்கம்மா" என்று உடனே சேர்த்துக்கொண்டார். இரண்டாவது வாரம், ஆசிடில் தண்ணீரை ஊற்றக் கூடாது, தண்ணீரில்தான் ஆசிடைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் சூடேறித் தெறிக்கும் என்று பாடம் நடத்தினார். கடைசி பெஞ்சிலிருந்து, "அட, அதானா!" என்று ஒரு சத்தம். வகுப்பே திரும்பிப் பார்த்தது. கன்னியம்மா தன் கையைத் தடவிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சென்டரில் ஒரு பாடம் புரிந்து யாரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுவாரம், கன்னியம்மா வேலை பார்த்த அதே பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா கவுண்டருக்கு வந்தார். "எங்க பொண்ண ஆயா பக்கத்துல உக்கார வைக்கவா சேத்தோம்? நாங்க என்ன ஆளுங்கன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?" என்று குரலை உயர்த்தினார். எனக்குத் தெரியும். அதைத் தெரிய வைப்பதற்குத்தானே அவர் கத்தினார். கரஸ்பாண்டென்ட் அறையிலிருந்து ஓடி வந்து, "நான் பாத்துக்கறேம்மா, நான் பாத்துக்கறேன்" என்று குழைந்தார். கன்னியம்மா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது. நேராக அந்தம்மா முன்னால் வந்து நின்றார்.

"ஸ்கூல்ல உன் பொண்ணு உக்கார்ற பெஞ்ச தெனம் தொடச்சது இந்தக் கைதாம்மா. அப்ப பட்டது ஒட்டிக்கல, இப்ப பட்டா ஒட்டிக்குமா?"

சாவிக்கொத்து

மறுநாள் காலை கரஸ்பாண்டென்ட் என்னைக் கூப்பிட்டு, கன்னியம்மாவை இனி வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். வழக்கம் போல என் வாயால். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, "நான் சொல்ல மாட்டேன் சார்" என்றேன்.

"அந்தம்மா வந்தா பத்து பேரு நின்னுடுவாங்க. புரிஞ்சுதா இல்லியா?"

"நின்னா நிக்கட்டும் சார். அந்தம்மா உக்காரணும்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "உங்களுக்கும் நாப்பத்தேழு ஆவுது மேடம். இங்கேருந்து போனா யாரு வேல குடுப்பா? யோசிச்சுப் பேசுங்க" என்றார். யோசித்தேன். டிரைவருக்கு நான் சொன்ன பொய், இன்டர்வியூவில் அடித்த டிக், தலையை நிமிர்த்தாமல் கன்னியம்மாவைப் பின்பக்கம் போகச் சொன்னது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இந்த ஆளுக்கு நான் ஆறு வருஷம் வாயாக இருந்திருக்கிறேன். சாவிக்கொத்தை மேஜையில் வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்காக. எறிந்தேன். மேஜைக் கண்ணாடியில் கீறல் விழுந்தது.

கீழே பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். துக்கத்தில் வரும் அழுகை இல்லை, யாரையாவது அறைய வேண்டும் போல இருக்கும்போது வருமே, அது. பின்னாலேயே யாரோ ஓடி வரும் சத்தம். கெமிஸ்ட்ரி சார், கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு, மூச்சு வாங்க நின்றார்.

"மேடம், ஞாயித்துக்கிழம எனக்கு லீவுதான். அந்தம்மா வூடு எங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

நாற்பத்தேழு வயதில் நான் புதிதாகக் கற்றுக்கொண்ட ஒரே பாடம் கோபம், நன்றாகவே வருகிறது.